இருபத்திரண்டு முடிச்சு

என் அண்ணன் கலியனின் வலது கையில் அந்த மூன்று விரல்களும் தங்கிவிட்டதுதான் எங்கள் குடும்பத்துக்கு வந்த கேடு. போயிருந்தால் வழக்கே இல்லை.

சட்டப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கசாப்புக் கடைப் பலகை மாதிரி, எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கிறார்கள். மணிக்கட்டோடு கை போனால் அறுபது பர்சண்ட். கட்டை விரல் முப்பது. ஒரே கையில் மூன்று விரல் போனால் அதுவும் முப்பது. சுண்டுவிரல் முழுசாக ஏழு. எலும்பு தப்பி நுனிச் சதை மட்டும் போனால் இரண்டு. எழுதியவர் தன் சுண்டுவிரலால் ஒருநாளும் காது குடைந்திருக்க மாட்டார்.

நான் அப்போது பொன்னேரி காலேஜில் பொருளாதாரம் இரண்டாம் வருஷம். பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா, அதாவது அஞ்சம்மாள், கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தலை போனா எத்தினிடா?"

"நூறும்மா."

"பரவால்ல. நல்ல மனுசங்கதான்."

எழுபத்துநாலாம் வருஷம் ஆடி மாதம் அது நடந்தது. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டித் தகரப் பீப்பாய்களுக்கு மூடி அடிக்கிற கம்பெனி ஒன்று உண்டு. அண்ணன் அதில் பிரஸ் ஓட்டினான். மிஷின் ஒருமுறை இறங்கினால் ஒரு மூடி. அன்றைக்கு மூடியோடு ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து அடித்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் வெட்டவில்லை. நல்ல மனிதர். கம்பி வைத்து, தையல் போட்டு, ஐந்து மாதம் வைத்தியம் பார்த்து மூன்றையும் காப்பாற்றிக் கொடுத்தார். அம்மா அவர் காலில் விழுந்தாள். அந்த நல்ல மனசுக்கு எவ்வளவு விலை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

விரல்கள் இருந்தன. மடங்காது, நீளாது, சூடு தெரியாது. காயவைத்த நெத்திலி மாதிரி மூன்றும் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டை விரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் உயிரோடு இருந்தன. அவை இரண்டும் ஒன்றையொன்று எட்டித் தொடுவதற்குள் மூச்சு வாங்கும்.

வெட்டிப் போன விரலுக்குப் பட்டியல் பேசும். ஒட்டிக்கொண்டிருக்கிற விரலுக்கு டாக்டர் பேச வேண்டும். இந்தக் கையை வைத்துக்கொண்டு இவனால் முன்போல் எவ்வளவு சம்பாதிக்க முடியாது, அந்த நஷ்டம் எத்தனை பர்சண்ட் என்று அவர்தான் எழுதவேண்டும். பெரியாஸ்பத்திரி டாக்டர், 'மூன்று விரல் போனதற்குச் சமம், முப்பது' என்று எழுதினார். கம்பெனி டாக்டர் அண்ணனின் கையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, 'நான்கு' என்று எழுதினார். எது சரியென்று மெட்ராஸில் நஷ்டஈட்டு ஆபீஸில் ஓர் அதிகாரி தீர்ப்புச் சொல்வார். சம்பளத்தை வைத்து முழு ஆளுக்கு ஒரு தொகை. அதில் நம் பர்சண்ட் எவ்வளவோ அவ்வளவுதான் நமக்கு.

எங்கள் கணக்கு எளிமையானது. கம்பெனி அண்ணனை இனிமேல் சேர்க்காது. பழவேற்காட்டு ஏரியில் அடுத்தவன் படகில் ஏறி வலை இழுக்கவேண்டுமென்றால் கை வேண்டும். ஆனால் படகில் பங்கு வைத்திருப்பவன் வலை இழுக்க வேண்டாம். கரையில் உட்கார்ந்தாலும் பங்குக்கு மீன் வரும். முப்பது பர்சண்டில் ஒரு படகில் பாதிப் பங்கு வாங்கலாம். நாலு பர்சண்டில் துடுப்பு வாங்கலாம்.

இப்போது மணவாளன் மாமா.

அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறை. எங்கள் குப்பத்தில் பிறந்து, எட்டாவது படித்து, கம்பெனியில் டைம்கீப்பர் ஆனவர். அண்ணனை வேலையில் சேர்த்தவர் அவர்தான். விபத்தன்று அண்ணனின் கையைத் தன் வேட்டியில் சுற்றி, ஜீப்பில் மடியில் போட்டுக்கொண்டு, பெரியாஸ்பத்திரி வரைக்கும் அழுதுகொண்டே போனவரும் அவர்தான். அந்த அழுகை நிஜம். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வயசு வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் 'நைனா' என்பார். எதைச் சொன்னாலும் மணி சேர்த்துச் சொல்வார். தன் பெண்டாட்டி செத்ததையே 'நாலு பத்துக்கு' என்று சொன்னவர்.

மாசி மாதம், விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

"அஞ்சுக்கா, கலியனுக்கு ஒரு எடம் வந்துகீது."

அம்மா கழுவிக்கொண்டிருந்த இறாலை அப்படியே விட்டாள்.

"யாரு ஊட்டுப் பொண்ணு?"

"யாரா? எம் பொண்டாட்டியோட அக்கா பொண்ணு குணசுந்தரிதான். எண்ணூர்ல கீறாங்களே."

"அந்தக் கையப் பாத்துட்டுமா கேக்கறாங்க?"

"அதான் விசயமே. பொண்ணோட பெரியப்பா மட்டும் கொஞ்சம் மொரண்டு பண்றாரு. 'பையன் கை சும்மா தொங்குதாமே'ங்கறாரு. நம்ம ஊரு பழக்கம் உனுக்குத் தெரியாததா? வந்து குந்துவாங்க. ஒரு வரிசை வலை பின்னிக் காட்டுடாம்பாங்க. பின்னிட்டா முடிஞ்சுது. இன்னா நைனா, ஒரு வரிசை வருமா?"

எங்கள் குப்பத்தில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தை வைத்துக்கொண்டு மீன் பிடிக்க முடியாது. வலை ஊசியைக் கையில் கொடுத்து ஒரு வரிசை பின்னச் சொல்வார்கள். அண்ணனுக்கு இருபத்தேழு வயசு. இதுவரை பெண் வீட்டார் யாரும் அவன் கையில் ஊசி கொடுத்ததில்லை.

"வரும் மாமா," என்றான்.

மாமா போனதும் நான் கேட்டேன். "எப்படிணா வரும்?"

"நீதான காலேஜு. யோசி."

யோசித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, யோசனை நன்றாகவே வந்தது. சைக்கிள் ட்யூபில் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டினேன். அதை உள்ளங்கையில் மாட்டி, வலை ஊசியை அதற்குள் செருகி, கட்டை விரலால் முட்டுக்கொடுத்தால் ஊசி நிற்கும். கையைத் திருப்பினால் ஊசியும் திரும்பும். மேலே என் முழுக்கைச் சட்டையைப் போட்டு, பித்தானை அவிழ்த்துக் கைநுனி உள்ளங்கைவரை விழும்படி விட்டுவிட்டால் வளையம் தெரியாது. பன்னிரண்டு நாள் பழகினான். முதலில் அரைமணிக்கு ஒரு முடிச்சு. அப்புறம் நாலு. கடைசியில் பார்க்கிறவனுக்குப் பின்னுகிற மாதிரியே இருந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. முடிச்சுக்குக் கண் உண்டு, அழகு உண்டு, வரிசை உண்டு. இறுக்கம் இல்லை. முடிச்சைப் போட்டபின் சுண்டி இழுத்து இறுக்க நடுவிரல்தான் வேண்டும். பருத்தி நூல் என்றால் தன் சொரசொரப்பில் தானே பிடித்துக்கொள்ளும். நைலான் அப்படியில்லை. இறுக்காத நைலான் முடிச்சு பார்வைக்கு மட்டும்தான் முடிச்சு.

"பருத்தி நூலுதான குடுப்பாங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"பின்ன?" என்றேன்.

பெண் வீட்டார் வருகிற அன்றைக்கு மாமா கையோடு புது நைலான் நூல் கண்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளை வெளேரென்று, பளபளவென்று. "சீர் வரிசைல மொத வரிசையா வச்சுக்க நைனா," என்று அண்ணன் மடியில் போட்டார். பெரியப்பா வந்து உட்கார்ந்தார். பேச்சே இல்லை. அம்மா வைத்த வடையைப் பிய்த்து உள்ளே பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், பிறகு சாப்பிட்டார். நாலு வடைக்கும் அதே பரிசோதனை.

அண்ணன் பின்னினான். இடது கையில் வலைக் கண்ணின் அளவுக்கான மூங்கில் பட்டை, வலது கையில் என் சைக்கிள் ட்யூப். நெற்றியில் வேர்வை. உதட்டைக் கடித்திருந்தான். அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

"போதும் நைனா! இருவத்திரெண்டு ஆச்சு," என்றார். "பாத்தியா பெர்சு? கையி கை மாதிரி கீதா இல்லியா?"

பெரியப்பா தலையாட்டினார்.

"இத நான் எடுத்துக்கினு போறேன். பொண்ணோட அம்மா கண்ணால பாக்கணுங்குது," என்று அந்த வலைத் துண்டை வாங்கி, புது வேட்டியை மடிக்கிற மாதிரி பதமாக நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர்கள் போனபின் அண்ணனின் கையிலிருந்து வளையத்தைக் கழற்றினேன். அந்த இடத்தில் தோல் உரிந்துகொண்டு வந்தது. அண்ணன் சிரித்தான். பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பங்குனி மாதம் விசாரணை. சென்ட்ரலில் இறங்கி நானும் அண்ணனும் நடந்தே போனோம். ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் மாமா. பக்கத்தில் பெரியப்பா.

"நீங்க இன்னா மாமா இங்க?"

"கம்பெனில வரச் சொல்லிட்டாங்க நைனா. வேலைக்காரன் இன்னா பண்றது? கண்ணால பாத்தத சொல்லப் போறேன், அவ்ளோதான். தப்பா எடுத்துக்காத. பெரியப்பாவும் எப்படிப் போவுதுன்னு பாக்க வந்துகீறாரு." குரலைத் தாழ்த்தினார். "அவரு முன்னாடி கை வெளங்கலன்னு ரொம்ப அழுவாத. புரிதா?"

அண்ணனுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. ஆனால் இருவருக்கும் புரிந்தது வேறு வேறு.

உள்ளே அதிகாரி மேஜைக்குப் பின்னால் இருந்தார். சளி பிடித்திருந்தது. இரண்டு டாக்டர் காகிதங்களையும் முப்பது, நான்கு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முப்பதை எடுத்து மேலே வைத்தார். என் நெஞ்சு படகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் கம்பெனி வக்கீல் மாமாவைக் கூப்பிட்டார்.

மாமா சொன்னார். மாசி மாதம் இன்ன தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து பன்னிரண்டிலிருந்து பத்து நாற்பத்தொன்று வரை, எதிரில் நிற்கும் கலியன் தன் வலது கையால் வலை பின்னியதை நேரில் பார்த்தேன். இருபத்தொன்பது நிமிஷத்தில் இருபத்திரண்டு முடிச்சு. கூடக் குறையக் கிடையாது.

வக்கீல் ஒரு காகித உறையிலிருந்து வலைத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே மடிப்பு. ஒரு மூலையில் எண் போட்ட அட்டை கட்டியிருந்தது.

பெண்ணின் அம்மா கண்ணால் பார்க்கக் கேட்ட வலை.

அதிகாரி பேனா முனையால் அதைத் தூக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். எங்கள் குப்பத்துக் குழந்தைகூட வலையை அப்படித் தொடாது. நான் அண்ணனின் காதில் சொன்னேன்.

"ணா. இழுக்கச் சொல்லுணா. ஒரே ஒரு இழுப்பு. அத்தினியும் உருவிக்கும். அப்புறம் ட்யூப காட்டலாம், பைல வச்சுகினுகீறேன்."

"சும்மாருடா."

"முப்பதுணா!"

அவன் என் தொடையைக் கிள்ளினான். உயிரோடிருந்த அந்த இரண்டு விரலால். வலிக்கவே இல்லை. அந்தக் கிள்ளலை அளந்தே ஒரு டாக்டர் எண்பது எழுதியிருக்கலாம்.

"ஏம்பா, இது நீ பின்னினதா?" என்றார் அதிகாரி.

அண்ணன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். பெரியப்பா வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பின்னினதுதாங்க."

"பின்னும்போது வலிச்சுதா?"

"இல்லீங்க."

அதிகாரி நல்லவர்தான். இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார். "ஏதோ பொழுதுபோக்குக்குப் பின்னினதா? இல்ல, இதுல நிஜமாவே மீன் பிடிக்கலாமா? முடிச்சு தாங்குமா?"

என் அண்ணன் கலியன், ஒன்பது வயசிலிருந்து வலை பின்னியவன், நிமிர்ந்து நின்றான்.

"தாங்குங்க. நான் போட்ட முடிச்சு."

ஐந்து என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி டாக்டர் சொன்னதைவிட ஒன்று அதிகம். அந்த ஒன்று சர்க்காரின் கருணை.

திரும்பும்போது ரயிலில் அண்ணன்தான் பேசினான். மாமா வேலைக்குப் பயந்து சொல்லிவிட்டார், பாவம். பொய் எதுவும் சொல்லவில்லையே. பெரியப்பா முன்னால் முடிச்சு எண்ணிக்கையைச் சொன்னதும் ஒருவகையில் நல்லதுதான். குணசுந்தரி தையல் தெரிந்த பெண்ணாம், இரண்டு பேர் கை சேர்ந்தால் படகுப் பங்கெல்லாம் தானே வரும். மீஞ்சூர் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். முப்பதை விட்டுக்கொடுத்து ஒரு பெண்டாட்டியை வாங்கியிருக்கிறோம் என்பது அவன் கணக்கு.

சித்திரை பிறந்ததும் அம்மா தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ வைத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனாள். நாள் குறிக்க. மத்தியானத்துக்குள் திரும்பி வந்தாள். தட்டு அப்படியே இருந்தது.

"இன்னாமா?"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணுக்குத் தை மாசமே பரிசம் போட்டாச்சாம்டா. பையன் துறைமுகத்துல கீறானாம். வைகாசில கல்யாணம். பத்திரிகை அடிச்சு மஞ்சா தடவிக்கினு கீறாங்க. என் கைலயும் ஒண்ணு குடுத்தாங்க."

"மாமா அப்பறம் மாசில..."

"அது தெரியாதாம் அவங்களுக்கு. பொண்ணோட அம்மா என்னைப் பாத்து முழிக்கிது. யாரு உங்க ஊட்டாண்ட வந்ததுன்னு கேக்குது. பெரியப்பான்னேன். 'எங்க ஊட்டுக்காரருக்கு அண்ணனே கெடையாதே யக்கா'ன்னுது."

பெரியப்பாவை நான் அடுத்த வாரம் பார்த்தேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே, புளியமரத்தடியில், அண்ணனுக்கு அடிபட்டபின் போட்ட புதுக் கடையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு வடையை ஏன் அப்படிப் பிய்த்துப் பார்த்தார் என்று அப்போது விளங்கியது. மணவாளன் மாமா அந்த மாதத்திலிருந்து ஸ்டோர் இன்சார்ஜ். தனி அறை. சுவரில் பெரிய கடிகாரம்.

நான் சும்மா இருக்கவில்லை. மெட்ராஸ் ஆபீஸுக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். தீர்ப்பு முடிந்துவிட்டபடியால் மனுதாரருக்குச் சொந்தமான வலைத் துண்டைத் திருப்பித் தரவேண்டும் என்று. மேல்மனு இல்லையென்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அட்டையோடு. என் திட்டம் தயாராக இருந்தது. வைகாசியில் எண்ணூர் கல்யாணத்துக்குப் போகிறேன். பத்திரிகைதான் இருக்கிறதே. மொத்தக் குப்பமும் பந்தலில் இருக்கும். மாமாவின் கையில் இந்த வலையைக் கொடுத்து, 'ஒரு இழுப்பு இழுங்க மாமா' என்று சொல்லப்போகிறேன். மீனவன் மகன். இழுத்துத்தான் ஆகவேண்டும். எல்லார் எதிரிலும் உருவிக்கொண்டு வரும். இவ்வளவுதான் என் அண்ணன் கையின் பலம், இதைத்தான் இந்த ஆள் சர்க்காரிடம் நல்ல வலை என்று விற்றார் என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

இதை அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அவுத்துக் காட்டறது யாரு முடிச்சுடா?"

கையிலிருந்த வலைத் துண்டை மடித்தேன்.

"அந்தாளு துரோகின்னு காட்ட, கலியன் போட்ட முடிச்சு நிக்காதுன்னு ஊருக்குக் காட்டப் போற. நாளைக்கு எந்தப் படகுல என்ன ஏத்துவான்? தண்ணி எறைக்கக்கூட கூப்புட மாட்டான்."

"அவருக்கு முடிச்சு நிக்காதுன்னு தெரிஞ்சிருக்காதுணா. தெரிஞ்சிருந்தா எப்படி தைரியமா அங்க கொண்டாந்து வைப்பாரு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். இரண்டு வருஷமாகப் பொருளாதாரம் படிக்கிறவனைப் பார்க்க வேண்டிய விதத்தில் பார்த்தான்.

"நம்ம ஊர்ல வலைய கைல வாங்கறவன் மொதல்ல இன்னா பண்ணுவான்?"

"இழுத்துப் பாப்பான்."

"நம்ம ஊரு கொழந்த கைல குடுத்தாகூட இழுத்துதான் பாக்கும். அந்தாளு அன்னிக்கு இழுத்தாரா?"

எனக்கு ஞாபகம் வந்தது. புது வேட்டியை மடிக்கிற மாதிரி. பதமாக. நாலாக.

"நான் அப்பவே பாத்தேன்டா," என்றான் அண்ணன். "நைலான் நூலக் குடுத்தாரு. இழுத்தா உருவிக்கும்னு தெரிஞ்சுதான் இழுக்காம மடிச்சாரு. பெரியப்பா முன்னாடி என் மானத்தக் காப்பாத்தறாருன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள கும்புட்டேன்டா அந்தாள."

அந்த ஐந்து பர்சண்டில் அவன் துடுப்பு வாங்கவில்லை. என் மூன்றாம் வருஷத்துப் பீஸ் கட்டினான். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன். நான் வேண்டாமென்று சொன்னது உறுதியாக இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வைகாசியில் கல்யாணம் நடந்த அன்று காலையில் அண்ணன் அந்த வலைத் துண்டைக் கேட்டான். கொடுத்தேன். அட்டையை அவிழ்த்துத் தூர எறிந்தான். நூலின் ஒரு நுனியை என்னிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுநுனியை இடது கையால் காலி ஊசியில் சுற்ற ஆரம்பித்தான். முடிச்சுகள் ஒவ்வொன்றாக வந்தன, தயங்கின, உருவின. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு. ஒன்றுகூட எதிர்த்து நிற்கவில்லை.

"நூலு நல்ல நூலுடா," என்றான் அண்ணன். "யாராச்சும் பின்றவங்களுக்குக் குடு."